அய்யனாருக்கு ஒரு மண் கார்

குதிரைகளுக்கு நடுவே ஒரு கார் நின்றது.

முதலில் பார்த்தவன் சந்தனம்தான். "சார், வழக்கு முடிஞ்சிருச்சு. கார் கெடைச்சிருச்சு. ஆனா நம்ம ரெண்டு பேரும் ஏற முடியாது. ஒரு பூனைக்குட்டி வேணா ஏறிப் பாக்கலாம்."

துப்பறிவாளர் ரத்தினவேல் குனிந்தார். முழங்கை நீளத்தில் ஒரு மண் கார். சூளையில் சுட்டுச் சிவந்தது. சுற்றிலும் ஆளுயர மண் குதிரைகள், காது உடைந்தவையும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தவையுமாக வரிசை கட்டி நின்றன.

கீரமங்கலம் வருவதற்கு முன்னால் சாலையோரத் தோப்பில் இருந்த அய்யனார் கோயில் அது. புதுக்கோட்டையிலிருந்து அவர்கள் வந்த பஸ்ஸுக்கு வழியில் கொதிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் வாளியோடு ஊருணிக்கு இறங்கிவிட, பயணிகள் பீடிக்கும் நிழலுக்கும் கலைந்தார்கள். இவர்கள் இருவரும் தோப்புக்குள் நுழைந்தார்கள்.

"மாடு நல்லா இருக்கணும்னா மண் மாடு. கால் வலி போகணும்னா மண் கால்" என்றான் சந்தனம். "இவரு கார் வேணும்னு வேண்டிக்கிட்டாரு போல. நானும் ஒரு மண் மாமியார் வீடு செஞ்சு வைக்கலாமான்னு பாக்குறேன்."

"முன்பக்கத்தைப் பார்."

சந்தனம் பார்த்தான். சிரிப்பு நின்றது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு வெளக்கு!"

"நம்ம ஊர் ரோட்டில் ஓடுகிற கார்களுக்கு எத்தனை?"

"ரெண்டு. அதுலயும் ஒண்ணு எரியாது."

நான்கு விளக்கு வைத்த கார் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே ஒன்றே ஒன்றுதான். அதைத் தேடித்தான் இவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் மாலை, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ரத்தினவேலின் மாடியறைக்கு ஓர் இளைஞன் வந்திருந்தான். பெயர் அடைக்கலம். கீரமங்கலத்தில் பெரியண்ணன் என்பவரின் மோட்டார் பட்டறையில் மெக்கானிக். அவனுடைய பெரியப்பா உடையப்பன் பினாங்கிலிருந்து ஊர் திரும்பியபோது கையோடு ஒரு ஜப்பான் கார் கொண்டுவந்திருந்தார். டாட்சன் புளூபேர்ட். திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தக் காரைக் காணவில்லை.

"உங்கள் பெரியப்பா போலீஸுக்குப் போனாரா?" என்று கேட்டிருந்தார் ரத்தினவேல்.

"போகலைங்க. அதான் ஊர்ல எம்மேல சந்தேகம். அந்த வண்டியில கை வைக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எங்க ஆத்தாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஆத்தாவுக்காக நானே எடுத்து எங்கிட்டோ தள்ளிட்டேன்னு பேசுறாங்க. சொந்தப் பயலைப் பிடிச்சுக் குடுக்க மனசில்லாமத்தான் பெரியப்பா கம்முனு இருக்காராம். கார் வர்ற வரைக்கும் பட்டறைப் பக்கம் வராதேன்னுட்டாரு மொதலாளி."

"பெரியப்பா என்ன சொல்கிறார்?"

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டான். "போயிக் கேக்கலைங்க. அவரும் சந்தேகப்பட்டு நிமிந்து பாத்தார்னா, அந்த மொகத்தை நான் எப்புடிப் பாக்குறது? அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். ஆலங்குடிப் பொண்ணு, முகூர்த்தமும் அந்த ஊர்லதான். வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. வேண்டாம்னு சொல்லத்தான் வாராங்கன்னு கேள்வி."

இன்று வியாழன்.

ரத்தினவேல் மண் காரை இரு கைகளாலும் தூக்கினார். மேலே கிடந்த அரளி மாலை கருகிச் சுருண்டிருந்தது. கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினார். கணீரென்று ஒலித்தது.

"மாலை வாடி நான்கு நாள் இருக்கும்" என்றார். "கார் போனதும் அப்போதுதான். சரி, இதைச் செய்ய எவ்வளவு நாள் பிடிக்கும்?"

"மண்ணு பெசையணும், நெழல்ல காயணும், சூளை போடணும். வேளார் சுறுசுறுப்பா இருந்தாலும்…" சந்தனம் வாயைத் திறந்தபடி நின்றான். "சார்! கார் போறதுக்கு முன்னாடியே இதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க!"

"கார் போகும் என்று தெரிந்தவர் சொல்லி வைத்திருக்கிறார்."

"இதைச் செஞ்ச வேளாரைக் கேட்டா முடிஞ்சுது."

வாளியோடு கரையேறிய கண்டக்டர் காதில் அது விழுந்தது. "வேளார் அறந்தாங்கிச் சந்தைக்குப் போயிட்டாருங்க. வர ராத்திரி ஆகும். வண்டி பொறப்படப் போகுது, ஏறுங்க."

ரத்தினவேல் கிளம்பும்போது இன்னொரு முறை காருக்குள் பார்த்தார். ஓட்டுகிற இடத்தில் ஒரு மண் ஆள். பக்கத்து இருக்கையிலும் ஒரு மண் ஆள்.

*

அடைக்கலத்தின் தாய் மீனம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே பேசினாள். அடைக்கலம் உள்ளே சுவரோரம் நின்றான். கரி படியாத வெள்ளைச் சட்டை அவனுக்கு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் இருந்தது.

"ஆமாய்யா, வேண்டிக்கிட்டேன். யாருக்குப் பயந்து மறைக்கணும்? அந்தச் சனியன் இந்த ஊரை விட்டுப் போனா அய்யனாருக்குக் குதுரை வைக்கிறேன்னு சொன்னேன்."

"குதிரையா, காரா?"

"காரை எதுக்கு வைக்கிறேன்? தொலையணும்னு கும்பிட்டுட்டு அதையே மண்ணுல செஞ்சு கோயில்ல கொண்டாந்து வைப்பேனா?"

"அந்தக் காருக்கு முன்னால் எத்தனை விளக்கு அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? அது தெருவுக்குள்ள வந்தா நான் கதவைச் சாத்திப்புடுவேன். சத்தந்தான் தெரியும்."

"அப்படி என்ன கோபம்?"

கடலை உரித்த கை முதல்முறையாக நின்றது.

"இவன் வயித்துல இருக்கயில இவுக அப்பா பினாங்குக்குப் போனாக. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே லாரி செட்டுல வேலை. சப்பான்காரன் வந்தான். சயாம் காட்டுல ரயில் ரோடு போடணும்னு எம் புருசனை லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். அந்த லாரியில கொடி பறந்துச்சாம். வெள்ளையில செவப்பு உருண்டை. போனவுக வரலை. கூடப் போன ஒருத்தர்தான் வந்து, செத்துட்டாருன்னு சொன்னாரு. இம்புட்டு வருசம் கழிச்சு, தம்பியப் பறிகுடுத்த மனுசன், அதே சப்பான் காரை வாங்கி அதுல உக்காந்து ஊருக்குள்ள வாராரு. நான் என்னய்யா செய்ய? ஆரத்தி எடுக்கவா?"



"கல்யாணத்துக்கு அவரை அழைத்தீர்களா?" என்றார் ரத்தினவேல். "தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பாதானே முன்னால் நிற்க வேண்டும்."

"நிக்கணும். ஆனா அந்தக் கார் அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் இந்த வீட்டு வெத்தலை பாக்கு அங்கிட்டு வராதுன்னு சொல்லி விட்டேன். பால் ஊத்துற செவந்தி ஒருத்திதான் அந்த வீட்டுக்குப் போறவ. அவகிட்டச் சொன்னேன்."

"எப்போது சொன்னீர்கள்?"

"பரிசம் போட்ட அன்னைக்கு. போன மாசம்."

"இப்போதுதான் கார் போய்விட்டதே. குதிரை வைத்துவிட்டீர்களா?"

மீனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவருதானேய்யா நீங்க? போச்சோ, நாளைக்கே திரும்பி வந்து நிக்குமோ? காரியம் ஆகாம நேத்திக்கடனை யாராச்சும் முன்னாடியே கட்டுவாகளா?"

ரத்தினவேல் சட்டென்று எழுந்தார். "அம்மா, நீங்கள் பெரிய உதவி செய்தீர்கள்."

தெருவில் சந்தனம் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். "திட்டு வாங்குனதுக்கு நன்றி சொல்ற மொத ஆளு நீங்கதான் சார். அந்தம்மா என்ன உதவி பண்ணுச்சு?"

"நடந்துகொண்டே யோசி."

"நடந்தா எனக்குப் பசிதான் வரும்."

*

உடையப்பனின் வீடு புதிது. தரையில் பளபளவென்று சிமெண்டுப் பூச்சு. கூடத்தில் ஆறு நாற்காலிகள். ஐந்தின் மீது தூசி.

கைலியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்த உடையப்பன், இவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். துண்டால் நாற்காலிகளைத் தட்டினார். யார் என்று சொன்ன பிறகும் அவர் முகம் மாறவில்லை. அடுப்படிக்குப் போய், டின் பால் ஊற்றிக் கறுப்பும் வெள்ளையுமாய்க் காபி கொண்டுவந்தார். "பினாங்குல இப்புடித்தான். குடிச்சுப் பாருங்க."

குடித்தார்கள். இன்னொன்று கொண்டுவந்தார். ரத்தினவேல் இரண்டு விஷயங்களை மனத்துக்குள் குறித்துக்கொண்டார். காரைத் தேடி வந்தவர்களிடம் 'துப்புக் கிடைத்ததா' என்று இந்த மனிதர் கேட்கவில்லை. அவர்கள் எழுந்து போய்விடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார்.

"கார் எப்படிப்பட்டது?" என்றார் ரத்தினவேல்.

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலுலயே மொத வண்டி செஞ்சுட்டாங்க. மூணு பேரு கை குடுத்தாங்க. மூணு பேரோட மொத எழுத்தையும் சேத்து டாட். பின்னால ஒரு சின்ன வண்டி செஞ்சாங்க. டாட்டுக்குப் பொறந்த மகன்கிற கணக்குல டாட்சன்னு பேரு வெச்சாங்க. மகன்னு சொல்ற அந்த இங்கிலீஷ் வார்த்தை அவுங்க பாஷையில நட்டம்னு கேக்குமாம். ஒடனே எழுத்தை மாத்தி, சூரியன்னு வர்ற மாதிரி ஆக்கிட்டாங்க."

"எங்க வீட்லயும் ஒரு ஜப்பான் கார் இருந்துச்சுங்க அய்யா" என்றான் சந்தனம். "தகரத்துல. சாவி குடுத்தா சுவத்துல முட்டிக்கிட்டு அழும்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க! ஜப்பான் சாமான்னா பொம்மைன்னு! அம்பத்தெட்டுல ஆஸ்திரேலியாவையே சுத்தி வர்ற பந்தயத்துல கலந்துக்கிட்டு, தன் வகுப்புல மொதலா வந்துச்சு தம்பி. பாலைவனம், பாறை, ஆறு எல்லாத்தையும் தாண்டி." உடையப்பன் தணிந்தார். "வண்டி வாங்குன கடைக்காரன் அப்பப்ப வீட்டுக்கு வருவான். சீனன். மொதலாளியை அவுங்க பாஷையில டவுக்கேம்பாங்க. 'டவுக்கே, வண்டி எப்புடி, ஏதும் கொறை உண்டா, திருப்தியா?'ன்னு கேப்பான். யாவாரத்துக்குத்தான் கேட்டான். இருந்தாலும் கேட்டான். இங்க வந்தப்புறம் ஒருத்தரும் கேக்கலை."

சந்தனம் தொண்டையைச் செருமினான். அவன் குரலில் கிண்டல் இல்லை. "வண்டி திருப்தியாங்க அய்யா?"

உடையப்பன் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வண்டியில ஒரு கொறையும் இல்லை தம்பி. பக்கத்து சீட்டுல மாட்டி வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழட்டலை. அம்புட்டுத்தான்."

"ஏன் இதை வாங்கினீர்கள்?" என்றார் ரத்தினவேல். "உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்குப் பிறகு?"

"வீரய்யாவைக் கூட்டிட்டுப் போனது பட்டாளம். இந்த வண்டியச் செஞ்சவன் ஸ்பானர் பிடிச்ச ஒரு ஆளு. எங்களைப் போல. நான் அப்புடி நெனைச்சேன். தம்பி பொண்டாட்டிக்கு அப்புடி நெனைக்க முடியலை. அதுவும் நெசந்தான்." அவர் காலி டம்ளரை உருட்டினார். "லாரி செட்டுல வேலை பாக்கயில தம்பிகிட்ட சொல்லுவேன், ஒரு நாளைக்குச் சொந்தக் கார் வாங்கி ஒன்னையப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுவேன்டான்னு."

ரத்தினவேல் மெதுவாகச் சொன்னார். "அதனால்தான் மண் காரில் இரண்டு ஆளை வைக்கச் சொன்னீர்களா?"

டம்ளர் உருளுவது நின்றது.

"கார் தொலைவதற்கு முன்பே மண் காருக்குச் சொல்லியாகிவிட்டது. முதலில் மீனம்மாள் என்று நினைத்தோம். ஆனால் இந்த மண்ணிலேயே இருக்கிறவர்கள் யாரும் காரியம் முடியாமல் நேர்த்திக்கடன் கட்ட மாட்டார்கள். சாமிக்கு முன்பணம் கட்டுகிறவர், முறை மறந்துபோகிற அளவுக்கு ஊரை விட்டு இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். விளக்கு நான்கும் தப்பாமல் வைக்கச் சொல்ல, அந்தக் காரின் முகத்தை ஆசையோடு பார்த்தவராக இருக்க வேண்டும். உங்கள் காரை நீங்களேதான் ஒளித்துவைத்தீர்கள்."

சந்தனம் நாற்காலியோடு அரை அடி பின்னால் போனான்.

உடையப்பன் மறுக்கவில்லை. "முறை தப்பிப்போச்சா?" என்றுதான் கேட்டார். "ஆனப்புறந்தான் வைக்கணுமா? கையில ஒண்ணும் இல்லாம சாமிகிட்டப் போயி எப்புடிக் கேக்குறதுன்னு…"

"என்ன கேட்டீர்கள்?"

"வெத்தலை பாக்கு வரணும்னு. வேற என்ன கேப்பேன்? பய கல்யாணத்துல தகப்பன் எடத்துல ஆளு நிக்கணும்ல? கார் இல்லைன்னா கூப்புடுவாங்க. வித்துட்டேன்னு சொல்ல வாய் வரலை. தென்னந்தோப்புல கீத்துக் கொட்டகைக்குள்ள நிறுத்தி வைக்கோலைப் போட்டு மூடிட்டு, காணோம்னு செவந்திகிட்டச் சொன்னேன். என் காரை நான் மறைச்சேன். யாருக்கு என்ன நட்டம்?"

ரத்தினவேல் அவரையே உற்றுப் பார்த்தார். கோபத்தோடு ஒரு வார்த்தை நாக்குவரை வந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

"அய்யா, ஊர் யாரைத் திருடன் என்கிறது தெரியுமா?"

"யாரை?"

"அடைக்கலத்தை. பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு ஆலங்குடியிலிருந்து வருகிறவர்கள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள். கடைத்தெருவில் குழந்தைகூட இதைத்தான் பேசுகிறது. உங்களுக்குத் தெரியாதா?"

உடையப்பன் எழுந்து நின்றார்.

"எனக்கு யாரு சொல்லுவா?"

நாற்காலிகள் ஆறும் அப்படியே இருந்தன.

"செவந்தி பாலை ஊத்திட்டுக் குனிஞ்ச தலையோட போவா. என் முன்னால எப்புடிச் சொல்றதுன்னு இருந்திருப்பா. பய வரலைன்னதும், கார் இருந்தாத்தானே வருவான்னு நெனைச்சுக்கிட்டேன்." அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் துளை தவறித் தவறிப் போனது. "வாங்க."

"யோசித்துக்கொள்ளுங்கள். கார் வெளியே வந்தால் அந்த வீட்டுக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். ஒளித்தது நீங்கள் என்று தெரிந்தால் இன்னும் கெட்டியாக."

"சாத்திக்கிறட்டும். பயலுக்குக் கல்யாணம் நடக்கணும்."

*

வைக்கோலை விலக்கியதும் நான்கு விளக்குகளும் வெயிலில் பளிச்சிட்டன. உடையப்பன் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. அந்த நேரத்திலும் அவரால் ஒரு கணம் சந்தனத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முன்கதவைத் திறக்கப்போன சந்தனத்தின் கையை ரத்தினவேல் பிடித்தார். இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட இருக்கை காலியாகவே போயிற்று.

கடைத்தெருவில் உடையப்பன் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். விடாமல் ஹாரன் அடித்தார். பலசரக்குக் கடையிலிருந்தும், சலூனிலிருந்தும், பூக்கூடைகளுக்குப் பின்னாலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டறை வாசலில் நிறுத்தி இறங்கினார். பெரியண்ணன் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"காரை ஒளிச்சு வெச்சது நான்" என்றார் உடையப்பன், தெரு முழுக்கக் கேட்க. "என் கிறுக்குத்தனம். எம் பய மேல ஒரு குத்தமும் இல்லை. நாளைக்கு ஆலங்குடிக்காரங்க வந்தா நீங்க முன்னால நின்னு இதைச் சொல்லணும். அவனை வேலைக்கு வரச்சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். "இந்த வயசுல கண்ணாமூச்சி ஆடுறாரப்பா!" என்றது ஒரு குரல். உடையப்பன் அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பெரியண்ணன் மட்டும் காரை ஒரு முறை சுற்றி வந்து, "சொல்றேங்க. காலையில மொத ஆளாப் போயிச் சொல்றேன்" என்றார்.

அடுத்த தெரு. ஹாரன் சத்தம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அடைக்கலம் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் மீனம்மாள், கதவில் ஒரு கையோடு.

உடையப்பன் இறங்கவில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடைக்கலம், ஊருக்குள்ள சொல்லிட்டேன்டா. நான்தான் மறைச்சேன். ஒனக்குக் கெட்ட பேரு வந்தது தெரியாது. யாரும் சொல்லலை."

பிறகு ரத்தினவேல் இறங்கி, மண் கார் எதற்காக வைக்கப்பட்டது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். வெற்றிலை பாக்கு என்ற சொல் வந்தபோது மீனம்மாளின் கண்கள் முதல்முறையாகக் காரின் மேல் விழுந்தன. நான்கு விளக்குகள். சேறு படாத மட்கார்டு. உள்ளே, உறை கழற்றாத இருக்கை.

கதவு மூடவில்லை.

புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. அவள் மகனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அடைக்கலம், ஒங்க பெரியப்பாவக் கல்யாணத்துக்கு வரச்சொல்லு. வெத்தலை பாக்கு நான் குடுத்து விடுறேன். தகப்பன் எடத்துல அவருதான் நிக்கணும்."

உடையப்பன் கதவைத் திறக்கப் போனார்.

"பஸ்ஸுல வரச்சொல்லு" என்றாள் மீனம்மாள்.

அவர் கை கதவிலேயே நின்றது. பிறகு தலையை ஆட்டினார். ஒரு முறை அல்ல, பல முறை.

*

பஸ் நிறுத்தத்தில் உடையப்பன் இருவரையும் இறக்கிவிட்டார். வெயில் சாய்ந்திருந்தது. புதுக்கோட்டை பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

"சார், மொத தடவையா ஜப்பான் காருல வந்து பஸ் ஏறுறோம்" என்றான் சந்தனம்.

உடையப்பன் கார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "தம்பி, ஆலங்குடிக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறரைக்குங்க. முகூர்த்த நாள்ல ரொம்பக் கூட்டமா வரும். ஒரு சீட்டுல மூணு பேரு நெருக்கித்தான் உக்காரணும்."

"உக்காரலாம்" என்றார் உடையப்பன்.